40 லிட்டர், 133 நாள்

1942 நவம்பர் 23. அமேசான் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 750 மைல் தொலைவில், நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலில், பென் லோமண்ட் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் தன்னந்தனியாகப் போய்க்கொண்டிருந்தது. கேப்டவுனில் கிளம்பி, டச்சு கயானாவின் பரமரிபோ துறைமுகத்தை நோக்கிப் பயணம். கட்டி 20 ஆண்டுகளான பழைய கப்பல், வேகம் குறைவு, துணைக்குப் போர்க்கப்பல் கிடையாது. கார்ல் எம்மர்மன் தலைமையிலான யு-172 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி ஏவிய இரண்டு டார்பிடோக்களும் இலக்கில் பட்டன. கொதிகலன்கள் வெடித்தன. சில நிமிடங்களில் கப்பல் நீருக்குள் போய்விட்டது. அதில் இருந்த 54 பேரில் 53 பேர் இறந்தார்கள்.

எஞ்சிய ஒருவர் பூன் லிம். சீனாவின் ஹைனான் தீவில் பிறந்தவர், வயது 24. அதிகாரிகளுக்கு உணவு பரிமாறுவதும் அவர்களுடைய அறைகளைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. கப்பல் மொழியில் இரண்டாம் ஸ்டீவர்டு. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு குதித்தவர், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீரில் தத்தளித்த பிறகு, எட்டடிச் சதுரமான ஒரு மரத் தெப்பத்தைக் கண்டு ஏறிக்கொண்டார். அதிலேயே 133 நாள் இருந்தார். தெப்பத்தில் தனியாக இத்தனை நாள் உயிர்பிழைத்த இன்னொருவரைப் பற்றிய பதிவு அதற்கு முன் இல்லை.

பூன் லிமின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அவருடைய மனவுறுதியிலும் மீன்பிடித் திறமையிலும் நின்றுவிடுகிறார்கள். இரண்டுமே உண்மை. ஆனால் உடலியங்கியல் படித்த ஒருவர் அந்தக் கதையைக் கேட்டால் முதலில் கேட்கும் கேள்வி வேறு: தண்ணீர் எங்கிருந்து வந்தது? கடலில் தத்தளிப்பவரைக் கொல்வதில் பசி மூன்றாம் இடத்தில்தான் வருகிறது. முதலில் குளிர், அடுத்து தாகம். குளிர் மணிக்கணக்கில் கொல்லும். தாகம் நாள்கணக்கில் கொல்லும். தண்ணீர் கிடைத்துக்கொண்டே இருந்தால் பசிக்கு வாரங்கள், ஏன் மாதங்கள்கூட வேண்டும். இந்த வரிசை இன்று எல்லா மாலுமிகளுக்கும் சொல்லித்தரப்படுகிறது. அதை நாம் கற்றுக்கொண்டதற்குக் கொடுத்த விலை, இரண்டாம் உலகப் போரில் இறந்த வணிகக் கப்பல் தொழிலாளர்களின் உயிர்.

அந்தத் தொழிலாளர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் பணியாற்றியவர்களில் 30,000 பேருக்கு மேல் அந்தப் போரில் இறந்தார்கள். அவர்களில் பல ஆயிரம் பேர் இந்தியர்கள், சீனர்கள். போரின் முதல் ஆண்டுகளில், கப்பல் மூழ்கிய நாளோடு மாலுமியின் சம்பளமும் நின்றுவிடும். அவர் உயிர்காப்புப் படகில் உட்கார்ந்து செத்துக்கொண்டிருக்கும் நாள்களுக்குக் கூலி கிடையாது. 1941இல்தான் அந்த வழக்கம் மாறியது. சீன மாலுமிகளுக்கு அதே வேலைக்குப் பிரிட்டிஷ்காரர்களைவிடச் சம்பளம் குறைவு. போர் முடிந்ததும், லிவர்பூலில் குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டிருந்த சீன மாலுமிகள் நூற்றுக்கணக்கில் கட்டாயமாகக் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். கணவன் ஏன் வீடு திரும்பவில்லை என்பதுகூடப் பல மனைவிகளுக்குத் தெரியாது. உயிர்பிழைப்பு அறிவியலின் புள்ளிவிவர அட்டவணைகளில் ஒவ்வோர் எண்ணும் இப்படிப்பட்ட மனிதர்கள்.

பூன் லிம் தெப்பத்தில் ஏறிய அதே நாளில், இந்தியப் பெருங்கடலிலும் ஒரு கப்பல் மூழ்கியது. பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போய்க்கொண்டிருந்த திலாவா. ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. 280 பேர் இறந்தார்கள். ஆனால் 678 பேர் காப்பாற்றப்பட்டார்கள், ஏனென்றால் இரண்டே நாளில் பிரிட்டிஷ் கப்பல்கள் தேடி வந்துவிட்டன. பென் லோமண்டைத் தேடி யாரும் வரவில்லை. மூழ்கடித்தவர்களும் உதவவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்புதான் லக்கோனியா என்ற கப்பலை மூழ்கடித்த ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி, தத்தளித்தவர்களை மீட்டுக்கொண்டிருந்தபோது அமெரிக்க விமானம் ஒன்று அதன்மீது குண்டு வீசியது. அதன்பின் 1942 செப்டம்பர் 17 அன்று, மூழ்கிய கப்பலில் தப்பியவர்களை இனி மீட்கக் கூடாது என்று ஜெர்மன் நீர்மூழ்கிப் படையின் தளபதி டோனிட்ஸ் ஆணையிட்டிருந்தார்.

தெப்பத்தில் இருந்தவை: சில டின் பிஸ்கட்டுகள், கொஞ்சம் சாக்லேட், ஒரு பை சர்க்கரைக் கட்டி, ஒளிச்சமிக்ஞைக் குச்சிகள், இரண்டு புகைச் சட்டிகள், ஒரு டார்ச் விளக்கு, 40 லிட்டர் தண்ணீர்.

அந்த 40 லிட்டரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றும் செய்யாமல் நிழலில் படுத்திருக்கும் மனிதரின் உடலிலிருந்துகூடத் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் தினம் 800 மில்லி முதல் ஒரு லிட்டர் வரை நீர் போய்விடும். வியர்வை இதில் சேராது. சிறுநீரகம் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் கழிவுகளை வெளியேற்ற ஏறத்தாழ அரை லிட்டர் சிறுநீர் தேவை. வரவுப் பக்கத்தில், உணவு உடலுக்குள் எரியும்போது உண்டாகும் நீர் சுமார் 300 மில்லி. கழித்துப் பார்த்தால், ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாகக் குடித்தால்தான் கணக்கு நேராகும். 40 லிட்டரை 133 நாளுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு 300 மில்லி. ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் மேல். வெப்பமண்டல வெயிலில், தலைக்கு மேல் ஒரு துணி மறைப்பு மட்டும் வைத்துக்கொண்டு இது சாத்தியமே இல்லை.

ஆகவே அவர் குடித்த நீரில் பெரும்பகுதி மழை நீராகத்தான் இருந்திருக்க முடியும். லைஃப் ஜாக்கெட்டின் கித்தான் உறையைப் பிரித்து விரித்து அவர் மழையைப் பிடித்தார். ஒரு சதுர மீட்டர் துணியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 லிட்டர் நீர். நல்ல வெப்பமண்டல மழை அரை மணி நேரத்தில் அதைத் தந்துவிடும். இடமும் காலமும் அவருக்குத் துணை நின்றன. வடகிழக்கு, தென்கிழக்கு வியாபாரக் காற்றுகள் வந்து மோதும் மழைப் பட்டை ஒன்று நிலநடுக்கோட்டுக்கு அருகில் உலகைச் சுற்றிக் கிடக்கிறது. அட்லாண்டிக்கில் அது ஆண்டு முழுக்க ஒரே இடத்தில் நிற்பதில்லை. செப்டம்பருக்குப் பிறகு தெற்கே இறங்கத் தொடங்கி, மார்ச், ஏப்ரலில் பிரேசிலின் வடகரையை ஒட்டி வந்து நிற்கும். பூன் லிம் இருந்த கடலும் அவர் இருந்த மாதங்களும் அதுவே. அதே கப்பல் ஆகஸ்ட் மாதத்தில், சில நூறு மைல் தெற்கே மூழ்கியிருந்தால் இந்த அத்தியாயத்தில் அவர் பெயர் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

வெதுவெதுப்பான கடலும் அவரைக் காத்தது. அங்கே மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 27 டிகிரி. காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்தும். வட அட்லாண்டிக்கின் குளிர்காலக் கடலில் விழுந்தவருக்கு முதல் நிமிடத்திலேயே மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கும். அந்த இரைப்பில் வாயைத் திறந்து நீரை இழுத்துவிட்டால் அதோடு முடிந்தது. அதைத் தாண்டினாலும் பத்து நிமிடங்களில் விரல்கள் மரத்துப்போய், எறிந்த கயிற்றைப் பிடிக்க முடியாது. பூன் லிம் நீரில் கிடந்த அந்த இரண்டு மணி நேரத்தை அங்கே பெரும்பாலோர் கடந்திருக்க மாட்டார்கள்.

குளிர்ந்த கடலில் மீட்பிலும் ஓர் ஆபத்து உண்டு; போர்க்காலத்தில் மீட்புக் கப்பல்காரர்களை அது கலங்கடித்தது. நீரில் மணிக்கணக்கில் மிதந்து, பேசிக்கொண்டு, கையசைத்துக்கொண்டு இருந்தவர், கயிறு கட்டி மேலே தூக்கியதும் தளத்தில் விழுந்து இறந்துபோவார். காரணம் பின்னால் புரிந்தது. நீர் நான்கு புறமும் கால்களை அழுத்தி, ரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. நிமிர்ந்த நிலையில் நீரிலிருந்து தூக்கினால் அந்த அழுத்தம் சட்டென்று இல்லாமல் போகிறது. ரத்தம் கால்களில் இறங்கிவிடுகிறது. குளிரில் சோர்ந்த இதயத்தால் ஈடுகொடுக்க முடிவதில்லை. இன்று ஹெலிகாப்டர் மீட்பில் முடிந்தவரை படுத்த நிலையிலேயே தூக்குவது இதனால்தான்.

இனி, அந்தத் தெப்பத்தின் சமையலறைக்கு வருவோம். பிஸ்கட் தீரத் தொடங்கியதும் பூன் லிம் டார்ச் விளக்குக்குள் இருந்த கம்பியை வளைத்துத் தூண்டில் முள் செய்தார். தெப்பத்தின் சணல் கயிற்றைப் பிரித்துத் தூண்டில் கயிறு. பிஸ்கட்டைக் குழைத்து இரை. சிறு மீன்கள் கிடைத்தன. பெரிய மீனுக்குக் கம்பி தாங்காது என்று, தெப்பத்தின் பலகையிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கி வளைத்தார். பிஸ்கட் டின்னின் தகரத்தை வெட்டித் தேய்த்துக் கத்தி. மீனை அறுத்து, கயிற்றில் கோத்து வெயிலில் உலர்த்திக் கருவாடாக்கினார். நன்றாக நீந்தத் தெரியாதவர் என்பதால், விழுந்தாலும் விட்டுப்போகாதபடி தெப்பத்தோடு கட்டிய ஒரு கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொள்வார். ஒரு புயலில் கருவாடு அத்தனையும் கெட்டது. குடிநீரிலும் உப்பு கலந்தது. அப்போது ஒரு கடற்பறவையைப் பிடித்து அதன் ரத்தத்தைக் குடித்தார்.

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. பச்சை மீனில் முக்கால் பங்குக்கு மேல் நீர். அப்படியானால் மீனைத் தின்றால் தாகமும் தீர வேண்டாமா? அரைக் கிலோ மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நீர் ஏறத்தாழ 380 மில்லி. புரதம் சுமார் 100 கிராம். அந்தப் புரதம் உடலில் எரியும்போது அதிலுள்ள நைட்ரஜன் யூரியாவாக மாறுகிறது. 100 கிராம் புரதத்துக்கு ஏறத்தாழ 33 கிராம் யூரியா. இதை வெளியேற்ற, சிறுநீரகம் தன்னால் முடிந்த அளவு அடர்த்தியாக்கினாலும், அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான சிறுநீர் வேண்டும். மீன் கொண்டுவந்த நீர் முழுவதும் மீனின் கழிவைக் கழுவவே போய்விடுகிறது. சில சமயம் கையிருப்பிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. ரத்தமும் அப்படித்தான். 100 மில்லி ரத்தத்தில் கிட்டத்தட்ட 20 கிராம் புரதம் இருக்கிறது. வாய்க்கு அது திரவம், சிறுநீரகத்துக்கு அது இறைச்சி.

சுறா இதைவிட விசித்திரம். மழை பெய்யாமல் நீர் தீர்ந்துபோயிருந்த ஒரு நாளில் பூன் லிம் பறவை மாமிசத்தை இரையாக வைத்துச் சில அடி நீளமுள்ள சுறா ஒன்றைப் பிடித்தார். கயிற்றை இரட்டையாகத் திரித்திருந்தார். கை அறுபடாதிருக்கக் கித்தானைச் சுற்றியிருந்தார். தெப்பத்தில் ஏறிய சுறா அவர்மீது பாய்ந்தது. பாதி கடல்நீர் நிரம்பிய தண்ணீர்ப் பாத்திரத்தால் அதை அடித்துக் கொன்று, வயிற்றைக் கிழித்து, ஈரலிலிருந்த ரத்தத்தை உறிஞ்சினார். தாகம் அடங்கியதாக அவர் சொன்னார். அதை நான் நம்புகிறேன். தொண்டை நனைந்தாலே தாக உணர்வு கொஞ்ச நேரம் ஒடுங்கிவிடும். ஆனால் நீர்க்கணக்கில் அவருக்கு அது பெரிதாக உதவியிருக்க முடியாது. சாதாரண மீனின் ரத்தம் கடல்நீரின் உப்புச் செறிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான், சுறாவுக்கு அப்படியில்லை. தன் உடல் நீரைக் கடல் உறிஞ்சிக்கொள்ளாதிருக்கச் சுறா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது: நாம் வெளியேற்றுகிற யூரியாவை அது ரத்தத்திலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதனால் சுறாவின் ரத்தத்தில் கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அடர்த்தி கடல்நீரோடு சமமாக இருக்கும். நாள்பட்ட சுறாவில் அமோனியா நெடி அடிப்பதைச் சுறாப் புட்டு செய்கிறவர்கள் அறிவார்கள். அந்த நெடியின் மூலம் இந்த யூரியாதான்.

அப்படியானால் சுறா ஈரலால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் ரத்தத்தால் அல்ல, எண்ணெயால். சுறா ஈரல் கொழுப்பு நிறைந்தது. கொழுப்பு எரிந்தால் யூரியா உண்டாவதில்லை. ஒரு கிராம் கொழுப்புக்கு ஒரு கிராமுக்குச் சற்று அதிகமாக நீர் உண்டாகிறது. நீர் குறைந்த இடத்தில் உண்ணத்தக்கது கொழுப்பும் மாவுப்பொருளும் சர்க்கரையும்தான். பூன் லிமின் தெப்பத்தில் இருந்த சர்க்கரைக் கட்டியும் பிஸ்கட்டும் கருவாட்டைவிட மதிப்பு மிக்கவை.

இதை அளந்து காட்டியவர் பாஸ்டனில் குழந்தை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் கேம்பிள். குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் உடல் நீரும் உப்பும் எப்படிப் போகின்றன என்று ஆராய்ந்துவந்தவர். போர் வந்ததும் அவருடைய கவனம் தெப்பத்து மாலுமியின் பக்கம் திரும்பியது. மாணவர்களையும் தன்னார்வலர்களையும் பட்டினி போட்டு, குறைந்த நீரில் வைத்து, சிறுநீரைத் துளி விடாமல் சேகரித்து அளந்தார். பட்டினி கிடக்கும் உடல் சும்மா இருப்பதில்லை. தன் தசையையே எரிக்கிறது. தசை என்பதும் புரதம்தான், ஆகவே தின்னாமல் இருந்தாலும் யூரியா உண்டாகிறது, அதைக் கழுவ நீர் செலவாகிறது. தினம் வெறும் 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்தால் இந்தத் தசை இழப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று கேம்பிள் கண்டார். அதாவது, சர்க்கரை கொடுப்பது நீர் கொடுப்பதற்குச் சமம். 1944இல் அவர் இந்த முடிவுகளை வெளியிட்டார். இறைச்சி டின்களை உயிர்காப்புப் படகிலிருந்து வெளியேற்றி, மிட்டாயை உள்ளே கொண்டுவந்தது இந்த ஆராய்ச்சி. இவ்வளவு எளிய ஒரு கண்டுபிடிப்பு இத்தனை உயிர்களைக் காத்த நிகழ்வு மருத்துவ வரலாற்றில் அதிகமில்லை என்பது என் எண்ணம்.

நீர் கிடைக்காதபோது என்ன ஆகும் என்பதை இன்னொரு கப்பல் காட்டுகிறது. 1940 ஆகஸ்ட் 21 இரவு, விடர் என்ற ஜெர்மன் கப்பல் ஆங்லோ-சாக்சன் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது. விடர் பார்வைக்கு வணிகக் கப்பல், உள்ளே பீரங்கிகள். (போருக்குப் பிறகு அதன் தளபதி போர்க்குற்றவாளி என்று 1947இல் தீர்ப்பானது, அந்தக் குற்றச்சாட்டுகளில் ஆங்லோ-சாக்சனும் ஒன்று.) ஒரு சிறு படகில் ஏழு பேர் இருட்டில் நழுவித் தப்பினார்கள். குண்டுக் காயம் பட்டவர்களும் அதில் இருந்தார்கள். படகில் இருந்தது ஒரு சிறு பீப்பாய் தண்ணீர், பிஸ்கட், கொஞ்சம் டின் உணவு. கனரி தீவுகளுக்கு மேற்கே உள்ள அந்தக் கடலில் அப்போது மழைக்காலம் இல்லை. இரண்டு வாரத்துக்குள் நீர் தீர்ந்தது. காயம் அழுகிச் செத்தவர் போக, தாகத்தில் புத்தி பேதலித்துத் தாமாகவே கடலில் இறங்கியவர்களும் உண்டு. மிஞ்சியவர்கள் ராபர்ட் டாப்ஸ்காட், ராய் விடிகோம் என்ற இரண்டு இளைஞர்கள். மழை வந்த பிறகுதான் அவர்களுடைய உயிர் தரித்தது. திசைகாட்டிக்குள் இருந்த சாராயத்தைக்கூடக் குடித்தார்கள். கடற்பாசியையும் அதில் ஒட்டியிருந்த சிறு நண்டுகளையும் தின்றார்கள். 70 நாள் கழித்து, அக்டோபர் 30 அன்று, பஹாமாஸின் எலூத்ரா தீவில் கரை ஒதுங்கினார்கள். அந்தப் படகு இன்று லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தாகத்தின் உச்சத்தில் கையெட்டும் தூரத்தில் கடல் இருக்கிறது. அதை ஏன் குடிக்கக் கூடாது? ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. மனிதச் சிறுநீரகம் ஒரு லிட்டர் சிறுநீரில் வெளியேற்றக்கூடியது ஏறத்தாழ 20 கிராம்தான். ஒரு லிட்டர் குடித்தால் அந்த உப்பைத் தள்ள ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டும். மிச்ச அரை லிட்டரும் அதற்கு மேலும் உடலின் செல்களிலிருந்து உறிஞ்சப்படும். கடல்நீரில் உள்ள மெக்னீசியம் உப்புகள் பேதியை உண்டாக்கி இருக்கிற நீரையும் வெளியேற்றும். ரத்தத்தில் உப்பு ஏற ஏற மூளைச் செல்கள் சுருங்குகின்றன. முதலில் எரிச்சல், பிறகு குழப்பம், பிறகு இல்லாத கப்பலும் இல்லாத கரையும் கண்ணில் தெரிகின்றன. ஓரிரு வாய் கடல்நீரைக் குடித்தவர் உடனே சாவதில்லை, கொஞ்சம் தெம்புகூட வந்ததுபோல் இருக்கும், மேலும் குடிப்பார். ரகசியமாக, இரவில், மற்றவர்கள் தூங்கும்போது குடித்தவர்களைப் பற்றிப் பிழைத்து வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள்.

இது வெறும் கதைகளாக நின்றுவிடாமல் எண்களாக மாறியதற்குக் காரணம் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். கேம்பிரிட்ஜில் ராபர்ட் மெக்கன்ஸும் உடன் உழைத்தவர்களும், 1940 முதல் 1944 வரை மூழ்கிய கப்பல்களிலிருந்து தப்பியவர்கள் கொடுத்த வாக்குமூலங்களைத் தேடிச் சேர்த்தார்கள். எத்தனை பேர் படகில் ஏறினார்கள், எத்தனை நாள், என்ன வெப்பநிலை, எவ்வளவு நீர், யார் எப்போது இறந்தார்கள் என்று ஒவ்வொரு பயணமாகப் பட்டியலிட்டார்கள். 1956இல் அறிக்கை வந்தது. அவர்கள் ஆராய்ந்த 163 உயிர்காப்புப் படகுப் பயணங்களில், கடல்நீர் குடித்தவர்கள் இருந்த பயணங்களில் இறப்பு 39 சதவீதம். கடல்நீர் குடிக்காத பயணங்களில் 3 சதவீதம். கடல்நீரைக் குடிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டவர்கள் ஏற்கனவே மோசமான நிலையில் இருந்திருப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த இடைவெளி முழுவதையும் கடல்நீரின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும் 39க்கும் 3க்கும் உள்ள தூரம், கடல்நீர் வேண்டாம் என்று எந்தக் கேப்டனும் தயங்காமல் ஆணையிடப் போதுமானது.

இந்த அறிக்கைக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பிரெஞ்சு மருத்துவர் இதற்கு நேர்மாறாகச் சொல்லி உலகப் புகழ் பெற்றார். அலெய்ன் பொம்பார்ட் 1952இல் ஒரு ரப்பர் படகில் கனரி தீவிலிருந்து பார்படோஸ் வரை 65 நாள் தனியாகப் பயணம் செய்தார். கடல்நீரையும் மீன் சாற்றையும் சிறிது சிறிதாகக் குடித்தே ஒருவர் பிழைக்கலாம் என்பது அவர் வாதம். துணிச்சலில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வழியில் மழையும் பெய்தது, குடித்தார். ஜெர்மன் மருத்துவர் ஹானஸ் லிண்டமன் அதே கடலைச் சிறு படகுகளில் இரண்டு முறை கடந்து, தம் உடலிலேயே சோதித்துப் பார்த்து, கடல்நீர் வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தார். எனக்கு லிண்டமனின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. பொம்பார்டின் நூலை நம்பி, குடிநீர் கையில் இருக்கும்போதே கடல்நீரைத் தொட்டுவிடக்கூடிய ஒரு மாலுமியை நினைத்துப் பார்த்தால் அந்த வாதத்தின் ஆபத்து புரியும்.

பூன் லிம் கடல்நீரைக் குடிக்கவில்லை. மழைக்காகக் காத்திருந்தார். அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடியவர்களும் வந்து போனார்கள். ஒரு சரக்குக் கப்பல் அருகிலேயே கடந்தது, நிற்கவில்லை. தன் ஆசிய முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போய்விட்டார்கள் என்று அவர் கடைசிவரை நம்பினார். அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்று அடையாள மிதவையைப் போட்டுவிட்டுப் போனது. அதற்குள் புயல் வந்து அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. முதலில் கயிற்றில் முடிச்சுப் போட்டு நாளை எண்ணியவர், பிறகு முழுநிலவுகளை மட்டும் எண்ணலானார். மேற்கு நோக்கிய நீரோட்டம் அவரைக் கரையை நோக்கி இழுத்துக்கொண்டே இருந்தது. 1943 ஏப்ரல் 5 அன்று பிரேசில் மீனவர்கள் மூவர் அவரைக் கண்டு படகில் ஏற்றிக்கொண்டார்கள். மூன்று நாள் கழித்து பெலெம் துறைமுகத்தில் இறங்கியபோது, யாருடைய உதவியும் இல்லாமல் நடந்தார். எடை ஏறத்தாழ 9 கிலோ குறைந்திருந்தது.

இந்த 9 கிலோ, 133 நாள் கடலில் கிடந்தவருக்கு வியப்பான அளவில் குறைவு. அந்த அளவுக்கு அவர் மீன் பிடித்திருக்கிறார். அந்த மீனைச் செரிக்கத் தேவையான நீரும் அவருக்கு மழையிலிருந்து கிடைத்திருக்கிறது. மழை இல்லாமல் அந்த மீன் அவரைச் சீக்கிரமே கொன்றிருக்கும். பழங்களும் காய்களும் இல்லாமல் இரண்டு, மூன்று மாதம் போனால் ஸ்கர்வி வரத் தொடங்கும். அதைத் தடுக்க நாளுக்கு 10 மில்லிகிராம் அளவு வைட்டமின் சி போதும் என்று ஷெஃபீல்டில் போர்க்காலத்தில் தன்னார்வலர்களை வைத்து நடந்த சோதனை காட்டியது. பச்சை மீனிலும் உள்ளுறுப்புகளிலும் அந்தச் சிறு அளவு கிடைக்க வாய்ப்புண்டு, சமைத்தால் போய்விடும். அடுப்பு இல்லாததே இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு நன்மை.

பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் அவருக்குப் பதக்கம் வழங்கினார். அவர் கையாண்ட முறைகளைக் கடற்படை தன் உயிர்பிழைப்புக் கையேடுகளில் சேர்த்தது. போருக்குப் பின் அமெரிக்கா போக விரும்பினார். சீனர்களுக்கான குடியேற்ற ஒதுக்கீடு நிரம்பிவிட்டிருந்ததால் அவருக்கெனத் தனி அனுமதி தேவைப்பட்டது. அது கிடைத்து, அமெரிக்கக் குடிமகனாகி, 1991இல் நியூயார்க்கின் புரூக்ளினில் காலமானார்.

இன்று எந்த வணிகக் கப்பலிலும், சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகளின்படி, காற்றடைத்த உயிர்காப்புத் தெப்பத்தில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் குடிநீரும், உயிர்காப்புப் படகில் மூன்று லிட்டரும் இருக்க வேண்டும். கடல்நீரை நன்னீராக்கும் கையியக்கக் கருவி இருந்தால் இதில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளலாம். உணவுப் பொட்டலத்தில் ஆளுக்கு 10,000 கிலோஜூல். மாவும் சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்து அழுத்திய கட்டிகள், புரதம் மிகக் குறைவு. முதல் 24 மணி நேரத்துக்குக் காயம்பட்டவர்களைத் தவிர யாருக்கும் நீர் தர வேண்டாம் என்று அறிவுறுத்துகிறார்கள், ஏனென்றால் அந்த ஒரு நாளில் குடிக்கும் நீரைச் சிறுநீரகம் வீணாக வெளியேற்றிவிடும். சிக்கனத்துக்குப் பழக அதற்கு ஒரு நாள் தேவை. பகலில் ஆடையைக் கடல்நீரில் நனைத்து அணிந்து வியர்வையைக் குறைக்கச் சொல்கிறார்கள். மழை வந்தால் விரித்த துணியில் படிந்த உப்பைக் கழுவ முதல் நீரை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கச் சொல்கிறார்கள். தெப்பத்துப் பையில் மீன்பிடித் தூண்டிலும் கயிறும் கட்டாயம் இருக்கும். ஆனால் பிடித்த மீனைக் குடிநீர் போதுமான அளவு இருந்தால் மட்டுமே தின்ன வேண்டும்.